ராகிக்கொல்லையில் வீடு பார்த்த கதை

எனக்கு வெளிநாடு என்றால் ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம்தான். கப்பல் ஏறியதில்லை, ஏறுகிற யோகமும் இல்லை. ரயில் மைசூர் ராஜ்யத்துக்குள் நுழைந்து, ஸ்டேஷன் பலகைகளில் எழுத்து மாறியதும், யாராவது வந்து பாஸ்போர்ட் கேட்பார்களோ என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட ஆள் நான். அப்படிப்பட்டவனை, நான் வேலை பார்த்த தையல் மெஷின் கம்பெனி, கோலார் தங்கவயலில் புதுக் கடை திறக்கிறோம், இனி நீதான் அங்கே என்று சென்னையிலிருந்து கிளப்பிவிட்டது. அறுபதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம்.

ஆபீசில் எல்லாரும் சோம்பேறித்தனமாகக் 'கோலார், கோலார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் பங்காரப்பேட்டையில் இறங்கி, கோலாருக்கு எது வண்டி என்று கேட்டேன். ஒருவர் கை நீட்டிய இடத்தில் பொம்மை மாதிரி ஒரு குட்டி ரயில் நின்றிருந்தது. தங்கம் விளைகிற ஊருக்கு இப்படி ஒரு ரயிலா என்று யோசித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். அது மாட்டு வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போய், மதியத்துக்கு என்னைக் கோலாரில் இறக்கிவிட்டது. கச்சேரி, கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. சுரங்கத்தைத்தான் காணோம்.

டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சொன்னது, 'இந்த மாசத்தில் இவர் மூணாவது ஆள்' என்று அந்த இன்னொருவரே எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். கோலார் வேறு, கோலார் தங்கவயல் வேறு என்று ஒரு வார்த்தை ஆபீசில் யாரும் சொல்லவில்லை. வந்த வழியே திரும்பி, ஆட்டுக்குட்டிகளோடு ஒரு பஸ்ஸில் நசுங்கி, ராபர்ட்சன்பேட்டை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. குளிர் வேறு. என்னிடம் ஸ்வெட்டர் கிடையாது.

கடையை இரண்டு நாளில் பேசி முடித்துவிடலாம். எனக்கு வீடுதான் கவலை.

எங்கள் மகள் சாந்தாவுக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவள் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேசுவாள், தொண்டை கிழிய, முன்பின் வார்த்தை மாறிப் பேசுவாள். எனக்கும் அவள் அம்மாவுக்கும் புரியும். சென்னையில் எங்களுடையது ஒரே முற்றத்தில் ஆறு குடித்தனம் இருக்கிற வீடு. அவள் வாயைத் திறந்தால் ஐந்து வாசலிலிருந்தும் ஐந்து தலை எட்டிப் பார்க்கும். முற்றத்துப் பிள்ளைகள் கபடி ஆடும்போது இவளும் கோட்டைத் தாண்டிப் போய் மூச்சுப் பிடித்துப் பாடுவாள். அது 'கபடி' மாதிரி இருக்காது. பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிக்கும், ஆட்டம் கலைந்துவிடும். பிறகு இவளைக் கண்டாலே ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

கிளம்பும்போது என் மனைவி ருக்மணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கிராமம் மாதிரி இடமா பாருங்க. மரம், மாடு, தள்ளித் தள்ளி வீடு. பக்கத்துல யாரும் வேண்டாம். அவ பாட்டுக்குக் கத்தட்டும். இன்னொரு தடவை ஒருத்தி வந்து என் பொண்ணைப் பத்திப் பேசினா எனக்குத் தாங்காதுங்க."

எங்கள் கடைக்கு இடம் கொடுத்திருந்தவர் கோவிந்தசாமி முதலியார். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பஜாரில் பெரிய பாத்திரக்கடை. மறுநாள் காலை அவர் கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காலுக்குக் கீழே தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. அடுக்கி வைத்திருந்த குடம், தவலை எல்லாம் கலகலவென்று ஆடின. நான் எழுந்து நடுத்தெருவுக்கு ஓடிவிட்டேன். தெருவில் ஒரு ஆள்கூடத் தலை திருப்பவில்லை. முதலியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, விழப் பார்த்த ஒரு செம்பை எட்டிப் பிடித்து மறுபடி அடுக்கில் வைத்தார்.

"இன்னா சார், பயந்துட்டீங்களா? கீழ பாறை வெடிக்குது. அது அப்டித்தான். வாங்க, உக்காருங்க. பொண்ணுக்கு இன்னான்னு சொல்லிக்கினு இருந்தீங்க?"

பாதியில் விட்டதைச் சொல்லி முடித்தேன். அவர் கல்லாப் பெட்டியை இழுத்து மூடினார். பிறகு, "நீங்க கேக்கற எடம் எங்கிட்டயே இருக்குது" என்றார்.

ராபர்ட்சன்பேட்டையே வேண்டாம் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே வீடு, எதிரே சினிமாக் கொட்டகை ஒலிபெருக்கி. நேரத்துக்கு நேரம் சுரங்கத்துச் சங்கு வேறு. ஊரே அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறது, அடுப்பு மூட்டுகிறது, பிள்ளைகளை அடிக்கிறது. சென்னையின் ஒரு துண்டை வெட்டி மலைக்காற்றில் வைத்த மாதிரி. சாப்பாடு மட்டும் நம்முடையது இல்லை. ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். காரம் எங்கே என்று கேட்டதற்குச் சட்னியைக் காட்டினார் பரிமாறுகிறவர். அதைத் தொட்டு வாயில் வைத்தேன். ஆந்திரா பக்கத்தில்தான் இருக்கிறது என்பது புரிந்தது.

மூன்றாம் நாள், பேத்தமங்கலம் சாலையில் இருந்த முதலியாரின் தோப்பு வீட்டைப் பார்க்கப் போனேன். பஸ் விட்டு இறங்கி நடக்க வேண்டும். மாமரங்கள், ஏற்றம் இறைக்கிற கிணறு, ஓடு வேய்ந்த வீடு, முற்றத்தில் ஒரு எருமை. கண்ணுக்கெட்டின தூரம் வரை இன்னொரு கூரை இல்லை. ருக்மணி மனசில் படம் போட்டு வைத்திருந்த இடத்தை யாரோ எடுத்து வந்து இங்கே இறக்கியது போல இருந்தது. காவல்காரர் சின்னப்பா, அவர் மனைவி கிண்டியிருந்த ராகிக் களியை ஒரு உருண்டை தட்டில் வைத்து, கீரைக் குழம்பை ஊற்றித் தந்தார். மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்றார். நான் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்ட களியைக் கழற்றுவதற்குள் அவர் தோப்பின் பெருமை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று வீட்டு வாசலில் நின்று, என் பலம் முழுவதையும் கூட்டி, "சாந்தா" என்று ஒரு கத்துக் கத்தினேன். எருமை மட்டும் திரும்பிப் பார்த்தது.

"யாருக்கும் கேக்காது சார்," என்றார் சின்னப்பா. "பேச்சுத் துணைக்கு இங்க மாடுதான்."

அதைத்தான் தேடி வந்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது ஆராயவில்லை. திரும்ப ஊருக்குள் போய் முதலியாரிடம் சரி என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பூட்டைத் திறந்து காட்டிய சாவியையும் சின்னப்பா என் கையிலேயே கொடுத்துவிட்டார். முதலாளி கொடுக்கச் சொன்னாராம்.

திரும்பி வருகிற பஸ், ஆண்டர்சன்பேட்டைக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். இனி கிளம்பாது என்பதற்கு இங்கே அதுதான் அறிவிப்பு போலிருக்கிறது. எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வழியில் இறங்க, நானும் பின்னால் நடந்தேன். அறுவடை முடிந்த ராகி வயல்களுக்கு நடுவே வழி போனது. வயல் முடிகிற இடத்தில் எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், ஒரு குழாய், ஒரு புளியமரம், கட்டிப் போட்ட ஆடுகள். கிறிஸ்துமஸ் வருகிறது என்று சில வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அந்த இடத்துக்குப் பெயர் ராகிக்கொல்லை என்று கூட வந்தவர் சொல்லிவிட்டுத் தன் வழியில் போனார்.

புளியமரத்தடியில் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும், பையனும் பெண்ணுமாக. நான் கிட்டத்தட்ட அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. சத்தமே இல்லை.

பாடிப் போகிற பையன் வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக்கொண்டே கோட்டைத் தாண்டினான். அவனை அமுக்கினார்கள். கை நின்றது. ஒரு பெண் தன் தலையில் தட்டிக் காட்டினாள். அவன் எழுந்து வெளியே போனான். இன்னொருத்தி கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புழுதி பறக்கிறது, விழுகிறார்கள், புரள்கிறார்கள், மூச்சு வாங்குகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.  இத்தனையும் ஊமைப் பிள்ளைகளா, இந்த ஊர்த் தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா, இங்கேயா என் மனைவியையும் மகளையும் கூட்டிவரப் போகிறேன் என்று என்னென்னவோ ஓடியது.

முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மாள், கலகலா என்கிற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவைச் சோழி சோழியாக உருட்டி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்தப் பிள்ளைங்களுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் சட்டென்று உதட்டில் விரல் வைத்தார். எழுந்து வந்து, சைகையாலேயே என்னை வீட்டுக்குப் பின்பக்கம் வயலோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனதும் வாய் திறந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். உள்ள நைட் ஷிப்டு ஆளுங்க தூங்கினு இருக்காங்க."

அவர் பெயர் எஸ்தர். கணவர் சுரங்கத்தில் கீழே மெஷின் போட்டுப் பாறை துளைக்கிறவர். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதே வேலை. இந்த வாரம் அவர்களுக்கு ராத்திரி முறை. விடிந்து வந்து படுத்தால் மூன்று மணிச் சங்குக்குத்தான் எழுந்திருப்பார்கள். அதுவரை தெருவில் யாரும் சத்தம் போடக்கூடாது. பள்ளிக்கூடம் விடுமுறை. பிள்ளைகளைக் கட்டியா போட முடியும்?

"கையால பேசறதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"அப்பனுங்கதான். கீழ மெஷின் போடற எடத்துல காதுல ஒண்ணும் வுழாது சார். நிறுத்துன்னா ஒரு கை, பின்னால போன்னா ஒரு கை. ஊட்லயும் வந்து அப்டியேதான் பேசுவாங்க. சோறு போடுன்னுகூடக் கைதான். இதுங்களுக்குப் பொறந்ததிலேருந்து பழக்கம்."

வீட்டு மூலை வரை போய்ப் புளியமரத்தடியை மறுபடி எட்டிப் பார்த்தேன். பிறகு, இங்கே வீடு ஏதாவது காலி இருக்கிறதா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்பது தெரிந்தது. பக்கத்து வீடும் அவர்களுடையதுதான், பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, பின்னால் வயல். ஜன்னல் வழியே ஆட்டு வாடை வந்தது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஆனால் மறைத்துக் குடி வர மனசு வரவில்லை. சாந்தாவைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன். எஸ்தர் முகம் மாறியது.

"பாவமாத்தான் இருக்குது சார். ஆனா இவங்க பகல்ல தூங்கலன்னா ராத்திரி கீழ போயி கண்ணு சொக்கும். போன வருஷம் அந்தக் கோடி வீட்டுக்காரருக்குக் கை போச்சு, தெரிங்களா? தூக்கந்தான் காரணம். நான் எப்டி சார் சரின்னு சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நன்றி சொல்லிவிட்டு வழியைப் பார்த்து நடந்தேன். புளியமரத்தைத் தாண்டும்போது காலை எடுக்க முடியவில்லை. திரும்பி வந்து, ஒரே ஒரு பகல் அவளை இங்கே கொண்டுவந்து விடுகிறேன், ஒத்துவராவிட்டால் வாசல் பக்கமே வரமாட்டோம் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற சுபாவம் உள்ளவன் இல்லை. தையல் மெஷின் தவணை வசூலுக்குக்கூட அப்படிக் கேட்டது கிடையாது. எஸ்தர் முறத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "இட்டுக்கினு வாங்க பாக்கலாம்" என்றார்.

தந்தி அடித்து, அந்த வாரத்துக்குள்ளேயே ஊரிலிருந்து ருக்மணியையும் சாந்தாவையும் வரவழைத்தேன். பங்காரப்பேட்டையிலேயே போய் நின்றுகொண்டேன், அவர்களும் குட்டி ரயிலில் ஏறிவிடப் போகிறார்களே என்று. ருக்மணியை முதலில் தோப்புக்குக் கூட்டிப் போனேன். சாந்தா எருமையைப் பார்த்ததும் போட்ட கத்தலில் மரத்துக் காக்கைகள் எழும்பின. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ருக்மணி கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, கால் நீட்டிக்கொண்டாள். "இதுதாங்க. இதையே முடிச்சிடுங்க," என்றாள்.

"இன்னொரு இடம் இருக்கு. பார்த்துட்டுச் சொல்லு."

"எத்தனை வீடு இருக்கு அங்க?"

சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். 

நாங்கள் ராகிக்கொல்லை போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. புளியமரத்தடியில் அதே ஆட்டம். சாந்தா என் கையை விட்டுவிட்டு நின்றாள். அவள் எப்போதும் ஆட்டத்தைக் கண்டால் கத்திக்கொண்டு ஓடுவாள். தன்னை யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காகக் கத்துவாள். இங்கே கத்தவில்லை. பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், எஸ்தரின் மகள் என்று பிறகு தெரிந்தது, இவளைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிக் காட்டினாள். சாந்தா போய் நின்றாள்.

கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு பையனின் காலை இவள் பிடித்துவிட்டாள். பிடித்த சந்தோஷத்தில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். ருக்மணி என் முழங்கையை நகம் பதியப் பற்றினாள். எதிர் வீட்டுக் கதவு திறந்து, தூக்கம் கலைந்த ஒருவர் தலையை நீட்டினார். மொத்தப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தன. சாந்தாவுக்கு அந்தச் சைகை நன்றாகத் தெரியும். சென்னையில் தினமும் பார்த்தது. அவள் முகம் சுருங்கி, பின்னால் நகர ஆரம்பித்தாள். 'வா, போகலாம்' என்று ருக்மணி அடி எடுத்து வைத்துவிட்டாள்.

அதற்குள் ரெட்டைப் பின்னல் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய், மரத்தடியில் இருந்த ஒரு கல்லில் உட்கார வைத்தாள். அந்தக் கல்லில் ஏற்கெனவே ஒரு குண்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனும் சற்று முன் சிரித்துத் தொலைத்தவன். சத்தம் போட்டால் ஒரு ஆட்டம் கல்லில் உட்கார வேண்டும். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அதுதான் சட்டம். அவன் நகர்ந்து இடம் விட்டான். சாந்தாவும் அவனும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தண்டனையை அனுபவித்தார்கள். ஆட்டத்தில் தண்டனை என்று அவளுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. சென்னையில் அவளை ஆட்டத்திலேயே சேர்த்ததில்லையே, தண்டிக்க. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரர் கல்லைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் அவளைப் பாடிப் போக அனுப்பினார்கள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். விரல்கள் விரிந்து மூடின, விரிந்து மூடின. கோட்டைத் தாண்டிப் போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கை நிற்காமல் திரும்பி வந்தாள். வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

எஸ்தர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காபி கொடுத்தார், தட்டில் கலகலாவும் வைத்தார். ருக்மணி ஒன்றையும் தொடவில்லை. "ஏம்மா, சாப்புடுங்க. சக்கர ஜீரா சரியா இருக்குதான்னு சொல்லுங்க," என்றார் எஸ்தர். பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பேச்சு எப்போது வருமோ என்றுதான் ருக்மணி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாம்," என்றாள்.

அப்போது மூன்று மணிச் சங்கு ஊதியது. ஒரு கதவு திறந்தது, இன்னொரு கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக ஒருவர் குழாயடியில் போய்க் கொப்பளித்துத் துப்பினார். அவ்வளவுதான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த தெரு மடை திறந்துவிட்டது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில், காரணமே இல்லாமல், அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டு வயலுக்குள் ஓடின. ஆடுகள் கயிற்றை இழுத்தன. காது அடைத்துப் போகிற கூச்சல்.

நாங்கள் எழுந்து நின்று பார்த்தோம். புழுதியில் தலைகள்தான் தெரிந்தன. சாந்தாவும் அதற்குள் எங்கோ இருந்தாள்; வாய் திறந்தபடிதான் இருந்திருப்பாள். தோப்பு வீட்டுச் சாவி என் பையில் இருந்தது. ருக்மணி கையை நீட்டினாள், எடுத்துக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, ரொம்ப நேரம் அந்தக் கூச்சலைக் கேட்டாள்.

"ஏங்க," என்றாள், "இதுல எது நம்ம பொண்ணு குரல்?"

எனக்கும் தெரியவில்லை.